கோடு மாறிய நான்கு கட்டுகள்

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கட்டழகி என்று பெயர். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். ஆள் துடைப்பக்குச்சி மாதிரிதான் இருப்பாள். அவள் கட்டும் கட்டுகளைப் பார்த்து நர்சுகள் வைத்த பெயர் அது. அறுவைக் கருவிகளைக் கழுவித் துடைத்து, பச்சைத் துணியில் இரண்டு சுற்றாகச் சுற்றி, கிருமி சாக நீராவி மெஷினுக்குள் ஏற்றுவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. அவள் மடித்த முனை பிரிந்ததாகச் சரித்திரமே கிடையாது.

கட்டின்மேல் ஒரு டேப் ஒட்டுவார்கள். வெளிறிய கோடுகள் போட்ட டேப். நீராவி பட்டால் அந்தக் கோடுகள் கறுத்துவிடும். கறுத்திருந்தால் கட்டு வெந்துவிட்டது, ஆப்பரேஷனுக்குப் போகலாம். கறுக்கவில்லையா, பேசாமல் மெஷினில் ஏற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிற பேச்சே கிடையாது. பிரித்தால் கட்டியவள் பாடு வீண். அந்தத் தொழிலின் சட்டம் இவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை தானாக விளங்கும்.

அவளுக்கு இரண்டின் மேல்தான் உயிர். ஒன்று அக்கா. இன்னொன்று பொம்மைகள். அப்படியானால் புருஷனும் மகளும் எங்கே என்று கேட்டால், “நாங்க வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கோம்” என்பார் புருஷன். டிரைவிங் ஸ்கூலில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர். தினம் பத்துப் பேர் தன்னைச் சுவரில் மோதப் பார்ப்பதால் அவருக்குக் கோபமே வற்றிப்போயிருந்தது.

பொம்மைகள் என்றால் கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் இல்லை. கிழமைக்கு ஒன்றாக ஏழு பொம்மைகள் கொண்ட ஒரு பழைய வரிசை. பீங்கான் முகம், கண்ணாடிக் கண், காகிதக்கூழில் செய்த உடம்பு, பட்டுச் சட்டை. செய்வதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சின்ன வயதில் அக்காளும் தங்கையும் ஒரு பழைய சாமான் கடையில் ஞாயிறைக் கண்டெடுத்தார்கள். அன்று பிடித்த பைத்தியம். தேடித்தேடி ஆறு சேர்த்தார்கள். சனி மட்டும் கண்ணில் படவே இல்லை. அக்கா கல்யாணமாகிப் போகும்போது ஆறையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் அக்காவுக்கு. புதன், வியாழன், வெள்ளி இவளுக்கு.

சனி கிடைத்தது நாலு வருடத்துக்கு முன். யாரோ வீட்டைக் காலி செய்து தெருவில் வைத்திருந்த அட்டைப்பெட்டியில், தேன் நிறக் கண்ணோடு மல்லாந்து கிடந்தது. போனில் சொன்னதும் அக்கா அழுதேவிட்டாள். போட்டோ அனுப்பவா என்றதற்கு, “வேண்டாம் குட்டி, ஏழும் ஒண்ணா நிக்கிறப்ப நேர்ல பாத்துக்கறேன்” என்றாள். நாற்பத்தி நாலு வயதிலும் அக்காவுக்கு இவள் குட்டிதான். ஆனால் இருவரும் ஆளுக்கொரு கோடியில் இருந்தார்கள். உடைகிற சாமானைத் தூக்கிக்கொண்டு போவதாவது என்று அடுத்த லீவு, அடுத்த லீவு என்று தள்ளிக்கொண்டே போனார்கள். மனிதர்கள் இப்படித்தான், நேரம் ஏதோ தங்கள் வீட்டுக் குழாயில் வருகிறது என்று நினைப்பு.

அதற்குள் அக்காவின் கண் போக ஆரம்பித்தது. இடது கண் போயே விட்டது. வலது கண்ணில் உறிஞ்சுகுழல் வழியாகப் பார்ப்பது போல ஒரு வட்டம் மட்டும் மிச்சம், அதுவும் நல்ல வெளிச்சத்தில்தான். டாக்டர் நாள் குறிக்கவில்லை. “பாக்க வேண்டியதை எல்லாம் தள்ளிப்போடாம பாத்துடுங்க” என்று மட்டும் சொன்னார். அக்கா பார்க்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி இருந்தது. உடனே இரண்டு குடும்பமும் லீவு போட்டு, ஏரிக்கரை ஊர் ஒன்றில் நாலு நாள் தங்க ஏற்பாடு ஆனது.

கட்டழகி பொம்மைகளைக் கட்டிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். வேலையிடத்தில் கழித்துப்போட்ட பச்சைத் துணியைக் கேட்டு வாங்கி வந்தாள். ஒவ்வொரு பொம்மையையும் பஞ்சில் பொதிந்து, இரண்டு சுற்று சுற்றி, முனை மடித்து, டேப் ஒட்டி, தேதி எழுதி, கீழே சுருக்கமாகக் கையெழுத்தும் போட்டாள். நாலையும் ஒரு நீலப் பெட்டியில் அடுக்கினாள். அதுவும் ஆஸ்பத்திரி கழித்த பெட்டிதான். மூடியில் ‘அறுவைப் பிரிவு’ என்று பெயிண்டில் எழுதியிருந்தது; எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

“பெட்டிமேல நம்ம போன் நம்பரை எழுதலாமில்ல?” என்றார் புருஷன்.

“என் மடியை விட்டு இறங்குனாத்தானே.”

மடியை விட்டு இறங்கத்தான் இறங்கியது. பாதி வழியில் மகளுக்குத் தலைசுற்றல். பன்னிரண்டு வயதுப் பெண் அம்மா மடியில் தலை வைத்தால்தான் ஆச்சு என்றாள். கண்டக்டரும் தன் பங்குக்கு, “பிரேக் போட்டா அந்தப் பெட்டி யார் மண்டையிலயாவது விழும், மேல வைங்க” என்று பிடுங்காத குறையாக வாங்கி மேல்தட்டில் செருகினார். ஏரிக்கரை ஊரில் இறங்கும்போது மழை. அவள் வேலையிடத்துப் பழக்கப்படி உருப்படிகளை விரல் விட்டு எண்ணினாள். கிளம்பும்போது ஏழு. இறங்கியபோதும் ஏழு. எண்ணிக்கை சரியாக இருந்ததால் பஸ்ஸைப் போகவிட்டாள்.

ஏழாவது உருப்படி, வழியில் மகள் வாங்கிய தொப்பி இருந்த பை. மழை குறையும்வரை பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் ஒதுங்கி நின்று, பிறகு தங்கும் விடுதி அறையில் சாமான்களைப் பிரித்தபோதுதான் அது தெரிந்தது; நீலப் பெட்டி பஸ்ஸோடு போய்விட்டது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து அறையில் அக்கா காத்திருந்தாள். முந்தின நாளே வந்து, மேற்கு பார்த்த ஜன்னல் திட்டில் தன் மூன்றையும் நிறுத்தி, மீதி நாலுக்கும் விரலால் அளந்து இடம் விட்டிருந்தாள். “வந்துட்டியா குட்டி, கை கழுவிட்டு எடுத்துட்டு வா” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

பஸ் கடைசியாகப் போய் நிற்கும் ஊரின் டிப்போவுக்குப் புருஷன் போன் போட்டார். எடுத்தவர் தங்கமான மனிதர். அங்கேதான் வினையே.

“நீலப் பெட்டிதானே? கிடைச்சுது சார். மூடியில அறுவைப் பிரிவுன்னு எழுதியிருந்துச்சு. பாவம், எந்த நோயாளிக்கு அவசரமோன்னு உடனே ஆட்டோ வச்சு எங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம்.”

“ரொம்ப நன்றிங்க” என்று போனை வைத்த புருஷன், “பாரு, எவ்வளவு நல்லவங்க” என்று திரும்பினார். அவள் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, கோடு கறுக்கலைங்க.”

“என்ன கோடு?”

“டேப்புல. பார்த்தவுடனே மெஷின்ல ஏத்திடுவாங்க. நூத்தி முப்பத்தி நாலு டிகிரி.”

ஆஸ்பத்திரிக்கு அவளே போன் போட்டாள். கருவி கட்டும் பிரிவுக்கு இணைப்புக் கொடுத்தார்கள், அடித்துக்கொண்டே இருந்தது. மெஷினில் சாமான் ஏற்றும் நேரத்தில் யாரும் போனை எடுக்கமாட்டார்கள். அவளே எத்தனை தடவை அலறுகிற போனைப் பார்த்து, ‘அடிச்சிட்டுக் கிடக்கட்டும்’ என்று முதுகைக் காட்டியிருக்கிறாள். திரும்பவும் போட்டு, வரவேற்பில் போனை எடுத்த பெண்ணிடம் கெஞ்சினாள்.

“அம்மா, நீலப் பெட்டியில வந்த பச்சைக் கட்டை மட்டும் ஏத்த வேண்டாம்னு யாரையாவது அனுப்பிச் சொல்லுங்கம்மா. உள்ள பொம்மைங்க இருக்கு.”

“என்ன இருக்கு?”

“பொம்மை.”

“இது ஆஸ்பத்திரிம்மா” என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

டாக்சி பிடித்தார்கள். மலைச்சாலையில் ஒரு மணி நேரம். அக்காவிடம் மருந்துக் கடைக்குப் போவதாகச் சொல்லச் சொல்லி மகளை விட்டுவந்திருந்தார்கள். வழி முழுக்க அவள் மனசுக்குள் முகம் தெரியாத ஒரு பெண்ணின் காலில் விழுந்துகொண்டே வந்தாள். இன்றைக்கு லீவு போட்டிரு. சாப்பிட்டுவிட்டு மெதுவாக வா. சோம்பேறியாக இரு. இருபத்திரண்டு வருடத்தில் தன் தொழிலைச் செய்கிற இன்னொருத்தி சோம்பேறியாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

சோம்பேறியாக இல்லை. தலையில் தொப்பியும் கையில் சூடுபட்ட தழும்புமாக, இவள் வயதே இருக்கும் ஒருத்தி, பேனாவைக் காதில் செருகிக்கொண்டு மெஷின் முன் நின்றிருந்தாள். மேஜைமேல் நீலப் பெட்டி காலியாக இருந்தது. மெஷின் கதவின் மேலே எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. நூற்று முப்பத்தி நான்கு.

“பக்கத்து ஆஸ்பத்திரியில மெஷின் ரிப்பேர்னா இங்கதான் அனுப்புவாங்க. அவங்கதான்னு நெனச்சேன்” என்றாள் அவள், விஷயம் புரிந்து முகம் வெளுத்து. “தேதி இருக்கு, கையெழுத்து இருக்கு, கோடு மாறல. கட்டு வேற அவ்வளவு நேர்த்தி. பிரிக்க மனசு வருமா? நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“நானும் ஏத்தியிருப்பேன்.”

“நிறுத்தட்டுமா?”

“வேண்டாம். வெந்தது வெந்ததுதான். இப்ப ஆவியைத் திடீர்னு விட்டா முகமும் விரிசல் விட்டுடும்.”

இப்படி ஒரு கொடுமை உண்டா? தன் பொம்மைகள் உள்ளே வேகும்போது எந்த நிமிடம் என்ன நடக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. இப்போது துணி நனையும். இப்போது பசை இளகும். இப்போது கூழ் ஊறும். இரண்டு பெண்களும் கதவு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அந்தத் தொப்பிக்காரி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. நாலு கட்டும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒரு முனைகூடப் பிரியவில்லை. கோடுகள் கன்னங்கரேலென்று மாறியிருந்தன.

பிரித்தாள். பீங்கான் முகங்கள் நெருப்பில் பிறந்தவை, தப்பித்துவிட்டன. கன்னத்துச் சிவப்புகூடக் கலையவில்லை. மற்றதெல்லாம் போயிற்று. உடம்பு கூழாகிப் பஞ்சோடு ஒட்டியிருந்தது. பட்டு சுருங்கிச் சாயம் வழிந்திருந்தது. முடி தனியாகக் கழன்று கிடந்தது. கண்களை மெழுகில் பதித்திருப்பார்கள். மெழுகு உருகி, கண்கள் தலைக்குள் விழுந்துவிட்டன. நாலு மொட்டைத் தலைகள், எட்டுக் குழிகள். சனியை அவள் கையில் எடுத்தபோது உள்ளே கண்கள் கடகடவென்று உருண்டன. அப்போதுதான் அவள் அழுதாள், மூக்கில் வழிவது தெரியாமல், தரையில் உட்கார்ந்து.

திரும்பும் வழியில் புருஷன் மெதுவாகச் சொன்னார். “தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடலாம். அவங்க மனசுல அழகா இருக்கட்டும்.”

அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. சாலையின் கடைசி வளைவு வரைக்கும் இருந்தது. ஆனால் தொலைந்துபோனதாகச் சொன்னால் அக்கா தேடச் சொல்வாள். மிச்சமிருக்கிற வெளிச்சத்தை எல்லாம் காத்திருந்தே தீர்த்துவிடுவாள். அதை நினைக்க இவளால் முடியவில்லை.

போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தாகப் போகிறது. மழை விட்டு, ஜன்னல் திட்டில் மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. மூன்று பொம்மைகளும் பட்டுச் சட்டையோடு நின்றன. பக்கத்தில் விரலால் அளந்த நாலு இடம் காலியாக இருந்தது. அக்கா நாற்காலியை ஜன்னலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“மருந்துக் கடையை வாங்கிட்டு வந்தியா என்ன, இவ்வளவு நேரம்?”

இவள் நாலு தலைகளையும் அக்கா மடியில் வைத்துவிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். டேப்பு, பெட்டி, எண்ணிக்கை, எதையும் மறைக்கவில்லை. “எல்லாம் என் கைதான் பண்ணுச்சு” என்று முடித்தாள்.

அக்கா ஒவ்வொரு தலையாக எடுத்து வலது கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோய், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, உதடு. சனியைக் கடைசியில் எடுத்தாள். அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“கண்ணு என்ன நிறம்?”

“தேன் நிறம்க்கா. உள்ள இருக்கு. விழுந்துடுச்சு.”

அக்கா தலையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே உருண்டது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று இறுகி, பிறகு தளர்ந்தது.

“இதுங்களும் என் கட்சிக்கு வந்துடுச்சா” என்றாள்.

அக்கா நாலையும் தடவித் தடவி, விட்டிருந்த இடத்தில் வரிசையாக வைத்தாள். வெயில் ஜன்னல் கம்பிக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

“எனக்கு ஒரே பார்வையில ஏழும் கிடைக்காது. நீ எண்ணு, நான் ஒண்ணு ஒண்ணாப் பாத்துட்டு வரேன்.”

அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அக்காவின் முகம் எண்ணோடு சேர்ந்து நகர்ந்தது. நாலு. ஐந்து. ஆறு. அதற்குமேல் அவளுக்குக் குரல் வரவில்லை.

அக்கா காத்திருந்தாள். பிறகு கையை நீட்டி சனியின் மொட்டைத் தலையைத் தொட்டு, “ஏழு” என்றாள்.