லிசெத் வீட்டுப் புதுச் சட்டி

லிசெத் போய்விட்டாள்.

காலையில் அவள் மகன் சுயாக்கிலிருந்து வாட்ஸ்அப்பில் சாவுச் செய்தி அனுப்பினான். காலேஜில் என் பக்கத்து டெஸ்க் அவள்.

எங்கள் தீவின் சுதந்திரத்துக்கு முந்தி, எங்கும் கிரியோல்காரர்களுக்கும் இந்துக்களுக்கும் கலவரம் என்று பேச்சாக இருந்த சமயம். லத்தீன் டெஸ்ட்டுக்குப் படிக்க எங்கள் ஊரான பீனிக்ஸிலிருந்து அவள் வீட்டுக்குப் போனேன். மத்தியானத்துக்குள் பஸ் நின்றுவிட்டது. மூன்று நாள் அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

நான் காவடி விரதத்தில் இருந்தேன். அவர்கள் கிரியோல்காரர்கள், ஆப்பிரிக்க வழி வந்த கிறிஸ்தவர்கள், வீட்டில் தினமும் மீன். அவள் அம்மா எனக்காகப் புதுச் சட்டி வாங்கி, பருப்பும் கீரையும் தனியாகச் சமைத்தார்.

இரண்டாம் நாள் கதவைத் தட்டினார்கள். தடியோடு கிரியோல் ஆட்கள் நாலு பேர். வெளியாள் ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

லிசெத் சட்டென்று என் நெற்றித் திருநீற்றை உள்ளங்கையால் அழித்தாள். வாசலில் தடி... இந்தப் பக்கம் சாமி குத்தம்.

"யார் இது?"

"மோ டிஃபி. எம் பொண்ணு," என்றார் அவள் அம்மா. "ரெண்டும் படிக்குதுங்க, விடுங்க."

ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. ஒருவழியாகப் போனார்கள்.

என் மனசைத் திருப்ப லிசெத் லத்தீன் அகராதியைப் புரட்டினாள். அன்றைய பாடம் 'அலெரே'. ஊட்டி வளர்ப்பது. வளர்தல் என்ற பழைய வேரிலிருந்து வந்ததாம். உயரத்துக்கான லத்தீன் சொல்லும் அங்கிருந்துதான். 'அலும்னா' என்றால் பெற்ற மகள் இல்லை, சோறு போட்டு வளர்த்த மகள்.

"அம்மா பொய் சொல்லலடி," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காவடி முடிந்து எங்கள் வீட்டில் ஏழு கறி விருந்து. லிசெத்தையும் அவள் அம்மாவையும் கூப்பிடலாம் என்றேன்.

"இந்த நேரத்துலயா? சனம் என்ன சொல்லும்... வேணாம்மா," என்றார் அப்பா.

எனக்கும் பயம்தான். கூப்பிடவில்லை. ஏன் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இதைக் கிரியோல் மொழியில் எழுதத் தைரியம் இல்லை. அவள் பிள்ளைகள் படித்துவிடுவார்கள்.

போய் வா, லிசெத்.