ஜலதோஷத்துக்குச் சொல்லக் கூடாத சொல்

ஆங்கிலத்தில் ‘புல் த்ரூ’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. சாகக் கிடந்தவர் பிழைத்து எழுந்தால் அப்படிச் சொல்வார்கள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் நான் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில், போன வருடம் ஒரு சாயங்காலம் அந்தச் சொல்லை நடத்திக்கொண்டிருந்தேன். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்து, “மேடம், எனக்குப் போன வாரம் ஜலதோஷம். ஐ புல்டு த்ரூ” என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வரப் பெரிய காரணமெல்லாம் தேவையில்லை.

“மூக்கு ஒழுகினதுக்கெல்லாம் இதைச் சொல்லக் கூடாதும்மா. அதுக்கு ‘கெட் ஓவர்’ போதும். பொழைக்கிறதே சந்தேகம்னு இருந்தாத்தான் இந்த வார்த்தை” என்றேன். கீழே அப்பாவும் அம்மாவும் நெய்துகொண்டிருந்தார்கள். அந்தத் தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

கொஞ்ச நாளிலேயே அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் குடித்துவிட்டு, அவள் பாட்டுக்குத் தறியில் உட்கார்ந்தாள். நாங்களும் விட்டுவிட்டோம். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நிமோனியா என்றார்கள். தொண்டையில் குழாய் போட்டு, மயக்க மருந்து கொடுத்து, ஐ.சி.யு.வில் படுக்க வைத்துவிட்டார்கள்.

டாக்டருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. வெளியே வந்து என்னிடம் மெதுவாக, “லெட் அஸ் ஹோப் ஷீ புல்ஸ் த்ரூ” என்றார்.

அதற்கு மேல் அவர் எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சொல் எந்த இடத்தில் வரும், எந்த இடத்தில் வராது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவள் நான். அன்றைக்கு மட்டும் அது தெரியாதவளாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

“இன்னாமா சொல்றாரு?” என்று அப்பா கேட்டார்.

“தேறிடுவாங்கன்னு சொல்றாருப்பா.”

தேறுவது என்பது காய்ச்சல்காரருக்கும் சொல்வது, கணக்கில் மட்டமான பையனுக்கும் சொல்வது. அதனால்தான் அதைப் பொறுக்கி எடுத்தேன். அப்பா தலையாட்டினார். ஆனால் பார்க்கும் நேரம் வந்தபோது உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். “நீ போய்ட்டு வாமா” என்று நாற்காலியை விட்டு எழவே இல்லை. மறுநாளும் அப்படித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் தோளோடு தோள் உட்கார்ந்தவளை ஒரு தடவை எட்டிப் பார்க்கக் கூடவா கால் வராது?

தோளோடு தோள் என்று நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நெய்வது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் ஓர் ஆளாக நெய்ய முடியாது. அப்பா நடுவில் உட்கார்ந்து மிதிகட்டையை மிதிப்பார். பக்கத்தில் உட்கார்ந்து அம்மா கரைக்கான நூல் வைத்த நாடாக் கட்டையைத் தள்ளுவாள். அப்பாவின் கால் மிதிக்காமல் அம்மாவின் கை நகராது. சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில் கூட அந்தக் காலும் கையும் பேசிக்கொண்டுதான் இருந்தன.

மூன்றாம் நாள் நான் உள்ளே போனபோது நர்ஸ் கவலையோடு நின்றிருந்தார். “உங்கம்மாவுக்கு வலிப்பு எதுனா இருக்குதா மேடம்? மருந்தைக் கொறச்சதுல இருந்து கை ஆடிக்கினே இருக்குது. டியூபைப் புடுங்கிடப் போறாங்கன்னு கட்டி வெச்சிருக்கோம்.”

அம்மாவின் வலது கை, கட்டில் கம்பியோடு துணியால் கட்டப்பட்டிருந்தது. கண் மூடியிருந்தது. விரல்கள் மடங்கின, மணிக்கட்டு முன்னால் ஒரு வெட்டு வெட்டியது, அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒரு வெட்டு, மறுபடியும் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று புரிந்தது. அம்மா நாடா தள்ளிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் தள்ளிவிட்டுக் காத்திருந்தாள். மிதிக்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

வெளியே ஓடி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“எழுந்து வாப்பா. அம்மா தறியில உக்காந்துக்கினு இருக்குது.”

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனாலும் எழுந்து வந்தார். அந்தக் கையைப் பார்த்தார். விரல் முட்டியால் கட்டில் கம்பியில் ‘டக்’ என்று ஒரு தட்டு தட்டினார்.

கை வெட்டியது.

மறுபடி தட்டினார், மறுபடி வெட்டியது. வேகமாகத் தட்டினார், கையும் வேகம் பிடித்தது. வேண்டுமென்றே நிறுத்தினார். கை வெட்டாமல் காத்திருந்தது. நர்ஸ் யாரையும் கேட்காமல் கட்டை அவிழ்த்துவிட்டு, குழாய்ப் பக்கம் மட்டும் தன் கையை அணையாக வைத்துக்கொண்டு, “தட்டுங்க சார், தட்டுங்க” என்றார். நான் தெருவுக்குத் தெரு கோயில் இருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள். எந்தச் சந்நிதியிலும் எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை.

மருந்து குறையும்போது கை ஆடுவது சகஜம், தற்செயலாகவும் இருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். இருக்கலாம். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் எதிர்த்துப் பேசவில்லை. அப்பா மட்டும் பார்க்கும் நேரம் எப்போது வரும் என்று வாசலிலேயே நின்று, முதல் ஆளாக உள்ளே போய்த் தட்டினார். டாக்டரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு ஒரு காலையில் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்து, “ஷீ இஸ் புல்லிங் த்ரூ” என்றார்.

“இன்னாமா சொல்றாரு?” என்றார் அப்பா.

எனக்குத் தமிழ் வரவில்லை, அழுகைதான் வந்தது. அப்பா பயந்துபோய், “ஐயோ, இன்னாமா, சொல்லுமா!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“பொழைச்சிக்கிச்சிப்பா” என்றேன்.

குழாயை எடுத்த அன்று அம்மாவுக்குக் குரல் காற்றாகத்தான் வந்தது. அழுது வீங்கிய முகத்தோடு முன்னால் நின்ற என்னை அவள் கண்டுகொள்ளவே இல்லை. எனக்குப் பின்னால் நின்ற அப்பாவைத்தான் தேடிப் பிடித்தாள்.

“எங்க போய்ட்டீங்க? எவ்ளோ நேரந்தான் நாடாவைக் கையில வெச்சிக்கினு நான் ஒண்டியா குந்திக்கினு இருக்கிறது?”

அப்பா கிட்டே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெளியதாம்மா இருந்தேன். உள்ள வர பயமா இருந்துச்சி.”