பெரிய கன்சோலா, சின்ன கன்சோலா

நான் சின்ன கன்சோலைக் கேட்க நினைப்பது எங்கள் அரங்கத்துக்கு அது பொருத்தம் என்பதாலா, அதை வாங்கினால் என் தவறு மறைந்துபோகும் என்பதாலா? மூன்று வாரமாக யோசித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை.

வேங்கிக்காலில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். இந்த வருடம் பள்ளிக்கு நாடக அரங்கம் கட்டினார்கள். மேடை, திரை, மேலே கம்பிகளில் தொங்கும் விளக்குகள் எல்லாம் வந்துவிட்டன. அந்த விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்சோல் மட்டும் பாக்கி. தாளாளர் என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், நீங்கதான பிசிக்ஸ்? லைட் சமாச்சாரம் உங்களுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? பாத்து ஒண்ணு எழுதிக் குடுங்க.”

குவிலென்ஸ் பாடம் நடத்துகிறவளுக்கு மேடை விளக்கு தெரியும் என்று அவர் நம்பினார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து இரண்டு கன்சோல்களை சோதித்துப் பார்க்க விட்டுப்போனார். பெரியதில் தொடுதிரை உண்டு. ஒரு நாடகத்துக்கான வெளிச்ச மாற்றங்களை முன்பே பதிந்து வைத்தால், பொத்தானை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாக வரும். சின்னதில் திரை கிடையாது. விளக்குக்கு ஒன்றாக வரிசையாகக் குமிழ்கள். மேலே தள்ளினால் வெளிச்சம், கீழே இழுத்தால் இருட்டு.

அரங்கத்தில் இதை இயக்கப்போகிறவர் பாய். கல்யாணங்களுக்கு சவுண்டும் லைட்டும் போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது எங்கள் பள்ளியில் வேலை பார்க்கிறார். இரண்டையும் ஒருநாள் முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பெருசுல வசதி ஜாஸ்திதான் டீச்சரம்மா. ஆனா கரண்ட்டு போய் வந்தா அது கண்ணு முழிக்க ரெண்டு நிமிஷம் ஆவுது. சின்னதுக்கு அந்த வம்பே இல்ல.”

“அதுக்குத்தான் யுபிஎஸ் வச்சிருக்கோமே பாய்.”

“வச்சிருக்கோம். அதயும் நம்மதான வச்சிருக்கோம்?” என்று சிரித்தார். அன்று எனக்கு அது வெறும் கிண்டலாகத்தான் பட்டது.

எங்கள் பக்கம் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எடுக்கப் பத்து விநாடி ஆகும். அந்தப் பத்து விநாடி கன்சோல் அணையாமல் இருக்கத்தான் யுபிஎஸ். கன்சோல் அணைந்துவிட்டால், ஜெனரேட்டர் வந்த பிறகும் விளக்குகள் எரியாது. பார்வையாளர் பக்கத்து விளக்குகளையும் அதிலேயே இணைத்திருந்தார்கள்.

அரங்கத்தின் பின்பக்கம், மாடியில் இருக்கிறது கன்சோல் அறை. அங்கே பூஜை போட்ட அன்று அண்ணாமலையார் படத்துக்கு ஒரு சிவப்பு பல்பு மாட்டியிருந்தோம். கற்பூரம் காட்டும்போது கரண்ட் போய் அந்த பல்பு அணைந்தது. தாளாளர் முகம் சுருங்கிவிட்டது. “முத நாளே சாமி விளக்கு அணையுதே மேடம்.”

எல்லோரும் போன பிறகு பல்பின் ஒயரை யுபிஎஸ்ஸில் சொருகினேன். ஒயர் நீளம் போதவில்லை, கன்சோல் சொருகியிருந்த ஓட்டை வரைக்கும்தான் எட்டியது. கன்சோலைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் போட்டேன். அந்த ஓட்டைக்கு பேட்டரி இணைப்பு இல்லை என்று அதன் கீழேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. கேள்வியை முழுசாகப் படியுங்கள் என்று வகுப்பில் தினமும் கத்துகிற நான் அதைப் படிக்கவில்லை.

ஆண்டு விழா ஒத்திகையை பௌர்ணமிக்கு முந்தைய நாள் வைத்தோம். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் பள்ளி வேன்கள் ஓடாது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் நாற்பது பேர் மேடையில் படிப்படியாகப் போட்ட பலகைகள்மேல் நின்றிருந்தார்கள். மேல் வரிசையில் என் மகள். பெரிய கன்சோலில் நான் பொத்தானை அழுத்த, பாய் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பொத்தானில் கரண்ட் போனது.

ஜன்னல் இல்லாத அரங்கம். வெளியே நல்ல வெயில், உள்ளே மேடை இருந்த இடமே தெரியவில்லை. ஜெனரேட்டர் உறுமும் சத்தம் கேட்டது, மின்விசிறி சுற்றத் தொடங்கியது, வெளிச்சம் மட்டும் வரவில்லை. என் முன்னால் கன்சோலின் திரையில், அது விழித்துக்கொண்டிருப்பதைக் காட்டும் கோடு மெதுவாக நீண்டுகொண்டிருந்தது. குழந்தைகள் அழ ஆரம்பித்தார்கள். செல்போன் டார்ச்சை அடித்தேன். அது பாதி இருக்கைகளைக்கூடத் தாண்டவில்லை.

“யாரும் நவுராதீங்க! நின்ன எடத்துலயே உக்காருங்க கண்ணுங்களா!” என்று கத்திக்கொண்டே பாய் மாடிப்படியில் இறங்கி ஓடினார். நானும் ஓடியிருப்பேன். ஆனால் கன்சோல் விழித்ததும் பொத்தானை அழுத்த அங்கே ஒருவர் வேண்டும். அந்தக் கோடு நீள்வதைப் பார்த்தபடி நின்றேன். மேடையில் ஏதோ தொம்மென்று விழுந்தது. என் மகளாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளையாக இருக்கட்டும் என்றுதானே அதற்கு அர்த்தம்? அது பிறகுதான் உறைத்தது.

வெளிச்சம் வந்தபோது வேறொரு குழந்தையின் தாடையில் ரத்தம். இரண்டு தையல் போட்டார்கள். என் மகள் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகும்போது கேட்டாள்:

“ம்மா, நீ மட்டும் செவப்பா தெரிஞ்ச. ஏன் கீழ வரல?”

“பட்டன் அமுக்கணும்ல கண்ணு.”

“பாய் வந்தாரே?”

பௌர்ணமி முடிந்து பள்ளிக்கு வந்ததும் பாய்தான் யுபிஎஸ்ஸைக் காட்டினார். “ஊரே இருட்டு, சாமி மட்டும் பளிச்சுனு இருந்தாரு. அப்பவே எனக்கு டவுட்டு.” நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒயரை மாற்றிச் சொருகினார்.

ஆனால் அதற்குள் பள்ளி முழுக்கப் பேச்சாகிவிட்டது, பெரிய மெஷின் மோசம் என்று. தாளாளர் அதைத் திருப்பி அனுப்பச் சொன்னார். சரிங்க சார் என்றேன். இரண்டு நாள் கழித்துக் கம்பெனிப் பெண் போனில் கூப்பிட்டார். “மேடம், எங்க மெஷின்ல என்ன கோளாறுன்னு மட்டும் சொல்லுங்க. குழந்தைக்கு அடின்னதும் ஆபீஸ்ல என்னைத்தான் கேக்கறாங்க.” மெஷினில் கோளாறு இல்லை, நான்தான் ஒயரை மாற்றினேன் என்று அவரிடம் சொன்னேன். உடனே தாளாளரிடமும் போய்ச் சொன்னேன்.

அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “சாமிக்காகத்தான பண்ணீங்க, விடுங்க. ஆனா இத வெளிய சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. சின்னதையே எழுதிக் குடுங்க, பேச்சு அடங்கிடும்.”

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சின்னதை எழுதினால் அந்தப் பழி பெரிய மெஷின்மேலும் அந்தப் பெண்மேலும் நின்றுவிடும். தையல் போட்ட குழந்தையின் அம்மாவிடம் நான் இன்னும் பேசவில்லை. பெரியதை எழுதினால், நாளை வேறு யாராவது வேறு எதற்காகவோ அதே ஒயரைப் பிடுங்க மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? நாடகம் போடும் பிள்ளைகளோ பெரியதைத்தான் கேட்கிறார்கள். பதினைந்து காட்சிகளைக் கையாலேயே ஏற்றி இறக்குவது சிரமம் என்று பாயும் ஒப்புக்கொள்கிறார்.

அடுத்த வாரம் நான் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அடிக்கடி கரண்ட் போகும் ஊர்களில் அரங்கம் நடத்துகிறவர்கள், மேடை விளக்கு இயக்குகிறவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். குழந்தைகள் ஏறும் மேடைக்கு நீங்கள் எதை வாங்குவீர்கள்? யுபிஎஸ் ஒயரை யாரும் தொடாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? பார்வையாளர் பக்கத்து விளக்குகளைக் கன்சோலிலிருந்து தனியாகப் பிரித்துவிட்டால் போதுமா? அந்த அம்மாவிடம் நான் முதலில் பேசிவிட்டு எழுதுவதா, எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ப் பேசுவதா, அதையும் சொல்லுங்கள்.