கடைசி அசை

கதவைத் தட்டுகிறவர் 'நான்' என்று மட்டும் சொன்னால் இன்றும் நான் உடனே திறப்பதில்லை. காரணம், சிறுவயதில் நான் செய்த ஒரு தவறு.

மாமா பிரெஞ்சுக் கப்பலொன்றில் சமையல்காரர். அப்பாவின் தங்கையான அத்தை திருவள்ளூரில் எங்களோடு இருந்தார். அறுபதுகளின் நடுவில் ஒருநாள், கப்பல் அலுவலகத்திலிருந்து பிரெஞ்சில் நாலு வரிக் கடிதம் வந்தது. எங்கள் தெருவில் அந்த மொழி படித்தவன், ரயிலேறிச் சென்னைப் பள்ளிக்குப் போய்வந்த நான் ஒருவன்தான். படிக்கத் தொடங்கி ஏழே மாதம்.

அந்த வாரம்தான் வாத்தியார் சொற்களைப் பிரிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். நம் பகுதி, விகுதி போலத்தான். 'ரெவெனான்' என்பதில் 'ரெ' மறுபடி, 'வென்' வருதல், 'ஆன்' விகுதி. அசை பிரிக்கும்போது மட்டும் வெட்டும் இடம் மாறும்: ரெ-வெ-னான். கடிதத்தில் அதே சொல் இருந்தது. அதற்கு முன்னால் 'தெசெதே' என்று ஒன்று. வேர் தெரியவில்லை, தாண்டிவிட்டேன். மாமா திரும்பி வருகிறார் என்றேன்.

அத்தை 'ரெவெனான்' என்ற சொல்லை அசை அசையாகச் சொல்லவைத்துக் கேட்டார்.

"கடைசில நான்னு சொல்றாரு பாரேன்" என்று சிரித்தார்.

பத்து நாள் கழித்துப் பள்ளி அகராதியில் தெசெதேயைத் தேடினேன். இறந்துபோனார் என்று இருந்தது. திரும்பி வரும் வழியில் இறந்தார் என்பதுதான் அந்த வரி. அதற்குள் அப்பா என் படிப்பைத் தெரு முழுக்க மெச்சியிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, அரைநாள் பள்ளி முடிந்து உச்சி வெயிலில் வந்து கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்."

அத்தை தலை நிறையப் பூவோடு திறந்தார். என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். தெருவில் வெயிலைத் தவிர ஒன்றுமில்லை. என்னை வாடா என்றே கூப்பிடுகிறவர், "வாங்க" என்று சுவரோரம் ஒதுங்கி நின்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"இன்னாடா, மாமாவ வெயில்ல நிக்க வெச்சிக்கினு நீ பாட்டுக்கு வர்ற?"

உள்ளே இரண்டு தட்டுகளில் சோறு போட்டிருந்தது.

மூன்று மாதம் கழித்து ஆங்கிலத்தில் இன்னொரு கடிதம் வந்தது. அப்பா படித்துவிட்டு அழுதார். பையன் தெரியாமல் படித்துவிட்டான் என்று என்னை மன்னித்தார்கள். அத்தை மட்டும் அழவில்லை.

"அவரு அப்பவே வந்துட்டாரேண்ணா" என்றார். சாகும்வரை பூவை எடுக்கவில்லை.

கல்லூரியில் பெரிய அகராதி ஒன்றைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. வாக்கியத்துக்குள் 'ரெவெனான்' என்ற சொல்லுக்குத் திரும்பி வருகையில் என்றுதான் பொருள். தனியே எடுத்தால், செத்துத் திரும்பி வருகிறவன் என்று பொருள். அதை வாக்கியத்திலிருந்து பிய்த்துத் தனியே அத்தையின் கையில் கொடுத்தவன் நான்.