செத்தவரின் தாமதக் கட்டணம்

மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவள் அவள். வார்டுகளிலிருந்து தள்ளுவண்டியில் வந்து குவிகிற படுக்கை விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, ரத்தம் பட்டது தனி, மலம் பட்டது தனி, வாந்தி பட்டது தனி என்று தொட்டிகளில் போட வேண்டும். புதிதாகச் சேர்கிற பெண்களில் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். இவள் கையுறையை மாட்டிக்கொண்டு, ஊர்க்கதை பேசியபடியே பிரிப்பாள். ஒருநாள் விரிப்பு மடிப்புக்குள் யாருடைய பல்செட்டோ கிடந்தது. அதைக் கழுவி, எந்த வார்டு என்று விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். அன்றிலிருந்து கூடத்தில் அவளுக்கு ‘இரும்பு வயிறு’ என்று பேர் விழுந்தது.

அவளுடைய புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டினவர். ஒரு பெட்ரோல் நிலையத்தில் சிரித்த முகமாக நின்ற ஒரு பெண், ‘வாழ்நாள் முழுக்க இலவசம்’ என்று சொல்லி அவர் தலையில் ஒரு கிரெடிட் கார்டைக் கட்டினாள். மனிதர் அதில் வாங்கியது ஒரே ஒரு குளிர்சாதனப் பெட்டி. ஏழு மாதத்தில் அந்தக் கடனை அடைத்துவிட்டு, கார்டை அலமாரியில் போட்டுவிட்டார். அப்புறம் ஒரு வருடம்கூட இருக்கவில்லை. வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவேயில்லை.

காரியமெல்லாம் முடிந்ததும் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அவளே வங்கிக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர் அனுதாபமாக இரண்டு வார்த்தை சொன்னார், இரண்டு நகலில் முத்திரை குத்தி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அவளிடம் கொடுத்தார், கணக்கை மூடி மிச்சத்தை அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்தார். அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தாள்.

ஒன்பது மாதம் கழித்து ஒரு போன் வந்தது. கிரெடிட் கார்டுப் பிரிவிலிருந்து பேசுகிறானாம், அவளுடைய புருஷனோடு பேச வேண்டுமாம். அவர் காலமாகி ஒன்பது மாதமாகிறது என்றாள்.

“ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்,” என்றான் அவன். அதே மூச்சில், “பாக்கிய என்னைக்குக் கட்டுறீங்க?” என்றான்.

அவளுடைய ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஒரு தொகையைச் சொன்னான். குளிர்சாதனப் பெட்டிக் கடன்தான் அடைந்துவிட்டதே, இது எதற்கு என்று கேட்டாள். பில்லைப் பாருங்கள் என்றான்.

பில்கள் புருஷனின் மின்னஞ்சலில் குவிந்து கிடந்தன. மகன் திறந்து அச்செடுத்துக் கொடுத்தான். அவளுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மறுநாள் அந்தக் காகிதங்களைச் சலவைக் கூடத்துக்கு எடுத்துப்போய், துணிக்கிடங்கு எழுத்தரிடம் காட்டினாள். தலையணை உறை ஒன்று குறைந்தாலும் கூடத்தையே தலைகீழாகப் புரட்டுகிற ஆள் அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை மூக்குக்கிட்ட வைத்துப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

புருஷன் செத்த அன்று கார்டில் ஒரு காசுகூடப் பாக்கி இல்லை. அடுத்த மாதம் ‘கடன் பாதுகாப்புத் திட்டம்’ என்று ஒரு சின்னத் தொகை ஏறியிருந்தது, அவளுடைய அரை நாள் கூலி இருக்கும். மனிதர் உயிரோடு இருந்தவரை மாதாமாதம் அது அவர் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போயிருக்கிறது. அவர் கவனிக்கவே இல்லை. கணக்கை மூடினதும் பணம் போகவில்லை. அதற்குத் தாமதக் கட்டணம் மூன்று நாள் கூலி. அதன்மேல் வட்டி, வட்டிக்கு வரி. அடுத்த மாதம் மறுபடியும் திட்டத் தொகை, மறுபடியும் தாமதக் கட்டணம். இப்படி ஒன்பது மாதம்.

“இந்தத் திட்டம் எதுக்குன்னு தெரியுமாம்மா?” என்று கேட்டார் எழுத்தர்.

தெரியாது என்றாள்.

“கார்டு வச்சிருக்கிறவர் செத்துப்போனா, அவரோட பாக்கிய இவங்களே தள்ளுபடி பண்ணிக்கிறதுக்கு.”

அவள் எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள். பத்தொன்பது வருடத்தில் இல்லாத வழக்கமாக அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. செத்தால் காப்பாற்றுகிறேன் என்று காசு வாங்கினவன், செத்த பிறகும் அதே காசைக் கேட்கிறான். கொடுக்கவில்லை என்று செத்தவனுக்கு அபராதம் வேறு போடுகிறான். நினைக்க நினைக்க நாக்கில் கசப்பு ஊறியது.

மறுபடியும் வங்கிக்குப் போனாள். அதே கவுண்டர், அதே ஆள். கிரெடிட் கார்டு வேறு பிரிவு, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவினார். போன் நம்பர் கொடுத்தார். அந்த நம்பரில் ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று அரை மணி நேரம் இழுத்தடித்துவிட்டு, பாதுகாப்புக் காரணத்துக்காகக் கார்டுக்கு உரியவரே பேச வேண்டும் என்றார்கள். இன்னொரு நாள் பேசினவள், திட்டத்தில் தள்ளுபடி கேட்க வேண்டுமானால் தொண்ணூறு நாளுக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அதுவும் கணக்கில் பாக்கி இருக்கக் கூடாது என்றாள். பாக்கியே இல்லையென்றால் எதைத் தள்ளுபடி செய்வீர்கள் என்று இவள் கேட்டதற்கு, விதிமுறை அப்படித்தான் மேடம் என்றாள் அந்தப் பெண், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

வசூல்காரர்கள் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கூப்பிட்டார்கள். ஒருவன் மருத்துவமனை அலுவலகத்துக்கே போன் போட்டு அவள் மானத்தை வாங்கினான். இன்னொருவன் மகன் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்க்கிற கட்டடத்தின் மேஸ்திரியைப் பிடித்தான். மகன் பயந்துவிட்டான். அம்மாவிடம் சொல்லாமல் பாக்கியில் பாதியைக் கட்டினான். அவ்வளவும் தாமதக் கட்டணத்துக்கும் வட்டிக்குமே சரியாகப் போனது. போதாக்குறைக்கு, குடும்பம் பொறுப்பை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி என்று ஒரு கடிதமும் வந்தது.

கடிதத்தைப் பார்த்து அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“தொல்ல விட்டா போதும்னுதாம்மா கட்டினேன்,” என்றான் மகன்.

“தொல்ல குடுத்தா கட்டிடுவோம்னுதான்டா குடுக்கிறான். உங்கப்பா பேர்ல இனி ஒரு காசு போகக்கூடாது.”

எழுத்தர் உதவியோடு வங்கிக் குறைதீர்ப்பு அலுவலகத்துக்கு மனு எழுதினாள். முத்திரை குத்தின சான்றிதழ் நகல், ஒன்பது பில், மகன் கட்டின ரசீது எல்லாவற்றையும் வரிசையாக வைத்துத் தைத்தாள், விரிப்பு தைக்கிற நூலாலேயே. நான்கு மாதம் கழித்து விசாரணை வந்தது.

விசாரித்த அதிகாரியம்மா அதிகம் பேசவில்லை. வங்கி வக்கீலிடம் இரண்டே கேள்வி கேட்டார். வாடிக்கையாளர் இறந்தது எந்தத் தேதி? சான்றிதழில் உங்கள் முத்திரை விழுந்தது எந்தத் தேதி? வக்கீல் கோப்பைப் புரட்டினார், இரு பிரிவுகளுக்கும் இடையே தகவல் போய்ச் சேரவில்லை என்று மென்று விழுங்கினார். பாக்கி முழுவதும் ரத்து, மகன் கட்டின பணம் திரும்ப வர வேண்டும், அலைக்கழித்ததற்குப் பத்து நாள் கூலி அளவுக்கு இழப்பீடு என்று உத்தரவாயிற்று.

வெளியே வராந்தாவில் வக்கீல் அவளிடம் சிநேகமாகப் பேச வந்தார். இப்படிக் கேஸ் நிறைய உண்டாம், ஆனால் யாரும் இவ்வளவு தூரம் வருவதில்லையாம்.

“மத்தவங்க என்ன பண்றாங்க?”

“கட்டிடுவாங்கம்மா. நூத்துல தொண்ணூறு பேர் கட்டிடுவாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள் படியிறங்கிப் போனாள். ஜெயித்த சந்தோஷம் மனசில் ஒட்டவே இல்லை. பேருந்தில் உட்கார்ந்தபோதும் அந்தச் சிரிப்புதான் கண்ணில் நின்றது, எச்சில் கையால் யாரோ கன்னத்தைத் தடவின மாதிரி இருந்தது.

இரண்டு வாரத்தில் பணம் வந்தது. கூடவே ஒரு மன்னிப்புக் கடிதமும் வந்தது, புருஷன் பேருக்கு. ஏற்பட்ட சிரமத்தைப் பொறுத்தருளி எங்களோடு நீண்ட காலம் தொடர வேண்டும் என்று எழுதியிருந்தது. மகன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கடிதத்தை நாலாகக் கிழித்தாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில், கூடத்துப் பெண்களிடம் அவரவர் கார்டு பில்லை எடுத்து வரச் சொன்னாள். ஏழு பேரிடம் கார்டு இருந்தது, ஐந்து பேர் பில்லில் அதே திட்டம் இருந்தது. இஸ்திரி போடுகிற பெண் ஆறு வருடமாகக் கட்டிவருகிறாள், அவள் அதைக் கேட்டு வாங்கவே இல்லை. நான்கு பேர் எழுத்தரிடம் உட்கார்ந்து, திட்டத்தை நிறுத்தச் சொல்லி எழுதிப் போட்டார்கள்.

இஸ்திரிக்காரி மட்டும், “போனாப் போகுதுக்கா, சின்னக் காசுதானே,” என்று பில்லை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் அவள் கேட்கவில்லை.