ஆறு மணிக்குப் போகாத தபால்

கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்த நேசராணி, பதுளையில் ஒரு கொம்பியூட்டருக்குப் பொறுப்பாக உட்காருவாள் என்று அவள் வீட்டில் ஒருவரும் நினைத்ததில்லை. அப்பா யேசுரத்தினத்துக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. மகளைப் பதுளையில் கன்னியர்மட விடுதியில் விட்டுப் படிக்கவைத்தார். தட்டெழுத்துப் பழகியவள், தோட்டங்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் திட்டமொன்றின் கந்தோரில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு தொடக்கத்தில் கொழும்பிலிருந்து நல்லையா என்ற இஞ்சினியர் ஒரு யுனிக்ஸ் கொம்பியூட்டர் இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கினார். கந்தோரில் வேகமாகத் தட்டுகிறவள் அவள்தான் என்பதால் பக்கத்தில் உட்காரவைத்து வேலையைக் காட்டினார். பகலில் எழுதும் கடிதமெல்லாம் இயந்திரத்துக்குள் வரிசையாகக் காத்திருக்கும். மாலை ஆறு மணிக்கு அதுவே டெலிபோன் கம்பி வழியாகக் கொழும்புத் தலைமைக் கந்தோரின் இயந்திரத்தைக் கூப்பிட்டுக் கடிதங்களைக் கொடுத்துவிட்டு, இங்கே வரவேண்டியதை வாங்கிக்கொள்ளும். கம்பியையும் இயந்திரத்தையும் இணைக்கும் சின்னப் பெட்டிக்கு மோடம் என்று பெயர்.

"எல்லாம் சரியாப் போனா இது வாய் திறக்காது. பேசாம இருந்தா நல்லா இருக்குதெண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ" என்றார் நல்லையா. அவள் அப்படியே நம்பினாள்.

அரசுக்கு எதிரான கிளர்ச்சியில் நாட்டு நிலைமை மோசமாகி, கடைகளை மூடச் சொல்லிச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டப்பட்ட மாதங்கள் அவை. பஸ் ஓடும் நாளும் ஓடாத நாளும் முன்கூட்டித் தெரியாது. நல்லையா அதற்குப் பிறகு பதுளைப் பக்கம் வரவேயில்லை. கொழும்பு நம்பர் மாறியிருப்பதாகத் தகவல் மட்டும் அனுப்பினார். நேசராணி இயந்திரத்தில் பழைய நம்பரை அழித்துப் புதியதை எழுதினாள். ஒன்றுக்கு நாலு தரம் சரிபார்த்தாள்.

அடுத்த வாரம் கொஸ்லந்தைத் தோட்டத்தில் வயிற்றோட்டம் பரவியது. மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் போடக் குளோரின் தூள் உடனே வேண்டும் என்று தோட்டத்து மருந்துக்காரர் எழுதி அனுப்பியிருந்தார். அதை டைப் பண்ணிக் கொழும்புக்குப் போட்டவள் நேசராணி. அவளுடைய அக்கா றீட்டா, புருஷன் பிள்ளைகளோடு அந்தத் தோட்டத்தில்தான் இருந்தாள். ஆகவே அனுப்பிய கையோடு மனதுக்குள் ஒரு ஜெபமும் சொன்னாள்.

மூன்றாம் நாள் தோட்டத்திலிருந்து ஓர் ஆள் வந்து கந்தோர் வாசலில் நின்றார்.

"தூளு எங்கங்க? லொறி வரும்னு பாத்துக்கிட்டே இருக்கோம். புள்ளைங்களுக்கு நிக்கவே மாட்டேங்குது."

நேசராணி ஓடிப்போய் வரிசையைப் பார்த்தாள். குளோரின் கடிதம் அங்கேயே கிடந்தது. அதற்குப் பின்னால் எழுதியவையும் ஒன்றுவிடாமல் கிடந்தன. இயந்திரம் மூன்று நாளும் பேசாமல் இருந்ததை நலம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

தான் மாற்றிய நம்பர்தான் காரணம் என்று முதலில் நினைத்தாள். ஆனால் கையால் கட்டளை கொடுத்து மோடத்தைக் கூப்பிட வைத்தபோது, நாலைந்து தரம் லைன் கிடைக்காமல் போய், கடைசியில் விசிலடித்துக்கொண்டு கொழும்போடு சேர்ந்துகொண்டது. கடிதங்கள் ஒவ்வொன்றாகப் போய் முடிந்தன. நம்பரில் பிழையில்லை. வந்தவரிடம் லொறி வரும் என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக வரிசையைப் பார்த்தாள். முந்தின மாலைக் கடிதங்கள் போகாமல் நின்றன. கையால் அனுப்பினால் போயின. அதற்கடுத்த காலையிலும் அதே கதை. பகலில் அவள் பக்கத்தில் இருந்தால் வேலை செய்கிறது; மாலையில் தனியே விட்டால் நின்றுவிடுகிறது. இயந்திரம் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் கோப்பைத் திறந்து பார்த்தாள். தினமும் ஆறு மணிக்கு நேரே ஒரே வரி: டயல் சத்தம் இல்லை.

கம்பியில் கோளாறா என்று பார்க்க வந்த டெலிகொம் ஆள் லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். நேசராணி கடிகாரத்தைப் பார்த்தாள், வயர்களைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். இரவு விடுதியில் படுத்தால் றீட்டாவின் சின்ன மகன் முகமே கண்ணில் நின்றது. அவளுடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இயந்திரத்தைத் தொட்டவள் அவள் ஒருத்திதான். பழி வந்தால் வேறெங்கே போகும்?

கந்தோர்ப் பொறுப்பாளர் மஹ்ரூப் சேரிடம் போனாள். பக்கத்து ஊரான ஹாலிஎலக்காரர், அமைதியான மனிதர்.

"ஒரு நாளைக்கு ஆறு மணி வரைக்கும் இருந்து பாக்கிறேங்க சேர்."

"வேணாம் நேசராணி" என்றார் அவசரமாக. "நாலரைக்கே போயிருங்க. இந்த நாள்ல பொம்புளப் புள்ள அந்த நேரத்துக்கு ரோட்டுல போறதா?"

சொன்னது நியாயம்தான். ஆனால் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போகத் தீர்மானம் ஆகிவிட்டதோ, அதைத்தான் மறைக்கிறாரோ என்று அவளுக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது.

அன்று அவள் போகவில்லை. விடுதி அடுத்த தெருவில்தான் இருந்தது. மற்றவர்கள் கிளம்பும்வரை இயந்திர அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். சரியாக ஆறு மணிக்கு மோடத்தில் விளக்கு எரிந்தது. டக்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. விளக்கு அணைந்தது.

அந்தக் கந்தோருக்கு ஒரே லைன். அது மஹ்ரூப் சேரின் மேசை டெலிபோனுக்கும் போகிறது, மோடத்துக்கும் வருகிறது; அங்கே ரிசீவரைத் தூக்கியிருந்தால் மோடத்துக்கு லைன் கிடைக்காது. அவள் எழுந்து அவர் அறைக்குப் போனாள்.

மஹ்ரூப் இருட்டத் தொடங்கிய அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ரிசீவர் டெலிபோனில் இல்லை. மேசைமேல் மல்லாந்து கிடந்தது. கதவடியில் ஆள் நிழலைக் கண்டதும் நாற்காலி பின்னால் இழுபட எழுந்துவிட்டார்.

"நேசராணியா? நீங்க போகல்லியா?"

"இல்லைங்க சேர். போனை எடுத்து வச்சிருக்கீங்களே... அதனாலதான் தபால் போகல."

அவர் ரிசீவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"என் தம்பிட வேன் ஆறரைக்குத்தான் வரும். அதுவரைக்கும் இங்க தனியா இருக்கணும். ரெண்டு கிழமையா அந்த நேரம் பாத்து ஒருத்தன் கோல் எடுக்கிறான். கந்தோர மூடு, இல்லாட்டி ஒன்ன மூடுவோம்னு சொல்றான். பேர் சொல்லல்ல. என்ட ஊட்டுக்காரி லரீபாட பேரு அவனுக்குத் தெரியும்." ரிசீவரைச் சுட்டிக்காட்டினார். "மணி அடிச்சா எடுக்காம இருக்கவும் ஏலல்ல, எடுக்கவும் ஏலல்ல. அதான் தூக்கி வச்சன். ஒங்கட தபாலும் இதுலதான் போகுதுங்கிறது என் புத்திக்கு எட்டல்ல."

"பொலிஸுக்குச் சொன்னீங்களா?"

"சொன்னது தெரிஞ்சா?"

நேசராணி மேசைக்குக் கிட்டப் போனாள். மூன்று நாள் கடிதம் கிடந்ததே என்று கோபப்படத்தான் வந்தாள். அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. சுவரோரம் குனிந்து டெலிபோனின் பிளக்கைக் கழற்றினாள்.

"இனி மணி அடிக்காதுங்க சேர். அவங்க கோல் எடுத்தாலும் நமக்குக் கேக்காது. கம்பி மட்டும் உயிரோட இருக்கும். காலைல வந்து மாட்டிக்கலாம்."

திரும்பிப் போய் மோடத்தைக் கூப்பிட வைத்தாள். விசில் சத்தம் கேட்டு அவரும் வந்து கதவடியில் நின்றார். வரிசை காலியானதும், இன்னொரு கடிதம் எழுத முடியுமா என்று கேட்டார். அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். மிரட்டலைப் பற்றித் தலைமைக் கந்தோருக்கு அவர் அறிவித்த முதல் கடிதம் அது.

விரும்பினால் கந்தோரைத் தற்காலிகமாக மூடலாம் என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது. மஹ்ரூப் இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் மூடவில்லை, பெயர்ப்பலகையை மட்டும் கழற்றி உள்ளே வைத்தார், மூன்றரைக்கே எல்லாரையும் அனுப்பிவிட்டுத் தானும் பஸ்ஸில் கிளம்பத் தொடங்கினார்.

குளோரின் லொறி அந்த வாரக் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கொஸ்லந்தைக்கு பஸ் ஓடியது. றீட்டாவின் மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, மெலிந்துபோய், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்து லயத்தில் கொழுந்தெடுக்கிற ஒரு பெண் செத்துப்போயிருந்தாள்.

"என்னைக்குக்கா?"

"புதன்கெழம."

நேசராணி விரலை மடக்கிப் பார்த்தாள். கடிதம் போட்ட அன்றே போயிருந்தால் லொறி புதனுக்கு முன்னால் வந்திருக்குமா, வழியில் எங்காவது மறித்திருப்பார்களா? எப்படிக் கணக்குப் போட்டாலும் முடிவு கிடைக்கவில்லை. அக்காவிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசாமல், பீலியடிக்குப் போய் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீரில் குளோரின் வாடை அடித்தது.

போனில் மிரட்டிய அந்தக் குரல் பிறகு என்ன ஆனதென்று தெரியாது. ஆண்டு முடிவதற்குள் ஊரில் ஆட்கள் காணாமல்போவதும் தெருவோரம் பிணமாகக் கிடப்பதுமாகப் போய், கடைசியில் ஒரு மாதிரி அடங்கியது. மிரட்டியவன் யாரென்று மஹ்ரூப் தேடவில்லை. நேசராணிக்கு வேலை நிரந்தரமானது. அவசரக் கடிதம் எது போட்டாலும், கிடைத்ததென்று ஒரு வரி எழுதும்படி அடியில் சேர்ப்பாள். வராவிட்டால் மறுபடி போடுவாள். கொழும்பில் சிலருக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது. காலையில் கந்தோருக்கு வந்ததும் குடையை மடக்குவதற்கு முன்னால் போய் வரிசையைப் பார்ப்பாள். ஒன்றும் நிற்கவில்லை என்று கண்ட பிறகுதான் தேத்தண்ணி போடப் போவாள்.