ஒரு மூடி மருந்து

“ஆடிப்பெருக்குக்கு மறுநாள், வெள்ளி. மழை இல்லை. வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர். அண்ணியின் கோழிகளுக்குப் பேன். ஒரு மூடி போதும் என்றேன்.”

என் குறிப்பேட்டில் அன்றைய பதிவு இவ்வளவுதான். மழை, நீர்மட்டம், மேட்டூர் திறந்த நாள் என்று எதையும் விடாமல் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பதிவில் விட்டுப்போனது ஒன்றுதான்: எவ்வளவு தண்ணீருக்கு ஒரு மூடி என்பது.

அண்ணன் அப்போது சார்ஜாவில் இருந்தார். குத்தாலத்துக்குப் பக்கத்தில் அண்ணி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் கொல்லை ஒன்றுதான். ஒன்பது பெட்டை, ஒரு சேவல், எல்லாம் அண்ணியுடையவை. அன்று காலை அடைக்கோழி முட்டைகளை விட்டு எழுந்து போய்விட்டது. அண்ணி அதைப் பிடித்து இறக்கையை விரித்துக் காட்டினார். இறகின் அடியில் தோலோடு ஒட்டியபடி, மணல் நகர்வதுபோல் பேன்கள் நகர்ந்தன. கூட்டின் மூங்கில் இடுக்குகளில் செந்நிறப் பொடியாகச் செள்ளுப்பூச்சி அப்பிக் கிடந்தது.

“எனக்கும் கழுத்தெல்லாம் ஊறுது தம்பி. உங்க அண்ணன் ஃபோன்ல கேக்குறாரு, நீ கோழி வளர்க்கிறியா பேன் வளர்க்கிறியான்னு.”

முந்தின வாரம் குடற்புழுவுக்குக் கால்நடை மருந்தகத்தில் வாங்கிய மருந்து நன்றாகவே கேட்டிருந்தது. ஆனால் மருத்துவர் இனித் திங்கட்கிழமைதான் வருவார். அதுவரை பொறுத்திருக்கலாம். எனக்குத்தான் படித்தவன் என்ற நினைப்பு. குறுவை நெல்லுக்கு அடித்து மிச்சமிருந்த பூச்சிமருந்தைக் காட்டி, பேனும் பூச்சிதானே என்றேன். “ஒரு மூடி போதும் அண்ணி.”

எங்கள் பக்கம் மருந்தடிக்கிறவர்கள் மூடிக் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு மூடி என்றால், முதுகில் மாட்டும் டேங்க் நிறையத் தண்ணீருக்கு ஒரு மூடி. டேங்க் என்ற சொல்லை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அண்ணி நாற்று நட்டவர், களை பறித்தவர். மருந்தடித்தவர் இல்லை. கோழி முங்குகிற அளவுக்கு அரை வாளித் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு மூடி ஊற்றியிருக்கிறார். ஒவ்வொன்றாகப் பிடித்து, தலை மட்டும் வெளியே தெரிய, வெறுங்கையால் முக்கி எடுத்திருக்கிறார்.

நான் மயிலாடுதுறை போய்விட்டு மதியம் திரும்பினேன். கொல்லைக் கதவைத் திறந்ததும் மருந்தடித்த வயலின் நெடி. கோழிகள் பக்கவாட்டில் சாய்ந்து காற்றை உதைத்துக்கொண்டிருந்தன. அலகுகளிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. சேவல் ஒரே இடத்தில் வட்டமடித்தது. விழுந்து கிடந்தவற்றை எண்ணினேன். ஏழு. அதற்குப் பிறகுதான் கைப்பம்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தேன். முதலில் கோழிகளை எண்ணியிருக்கிறேன் என்பது இன்று நினைத்தாலும் என்னை உலுக்குகிறது. முழங்கை வரை ஈரம். வாயோரம் நுரை.

“பேனு போயிடுச்சு தம்பி,” என்றார். “கோழியும் போவுது. எனக்குக் கண்ணு இருட்டுது.”

சோப்புப் போட்டு அண்ணியின் கையைக் கழுவிவிட்டு ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சற்றுத் தெளிந்ததும் மருத்துவர் கேட்டார்: “யாரும்மா இப்படிக் கலக்கச் சொன்னது?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி சொல்லிவிட்டார். “யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் கலந்தேன்.”

“பக்கத்துலயே படிச்சவரு இருக்காருல்ல? ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?” என்று மருத்துவர் என்னைக் காட்டினார்.

நான் தலையாட்டினேன். ஆமாம், கேட்டிருக்கலாம் என்பதுபோல. அந்தத் தலையாட்டலைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

மூன்று நாள் கழித்து அண்ணி வீடு திரும்பினார். மிஞ்சியவை இரண்டு பெட்டையும் அந்தச் சேவலும். வயல் மருந்தைக் கோழிமேல் எந்த அளவிலும் போடக்கூடாது, உங்கள் அளவு சரியாக இருந்திருந்தாலும் தவறுதான் என்றார் கால்நடை மருத்துவர். பேனுக்குத் தனிப் பொடி கொடுத்தார். கூட்டைக் காலிசெய்து இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கவும், கோழிகள் புரள உலர்ந்த சாம்பல் கொட்டவும், ஈர் பொரிந்துவிடும் என்பதால் சில நாள் விட்டு மறுபடி பொடி தூவவும் சொன்னார். எல்லாவற்றையும் நாள் குறித்துச் செய்தேன்.

இப்போது அண்ணியின் கொல்லையில் இருபதுக்குமேல் கோழிகள். தெருவில் யாராவது கோழிப்பேனுக்கு வழி கேட்டால், “எங்க தம்பியைக் கேளுங்க, அளவெல்லாம் கரெக்டா சொல்வாரு” என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை. அன்று மயக்கத்தில், நான் சொன்னதை மறந்து அப்படிப் பதில் சொன்னாரா, தெரிந்தே என்னைக் காப்பாற்றினாரா என்பது சரிபார்க்கப்படவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருக்கிறார். நான் கேட்கவில்லை.